பெட்டியோடு நடக்கும் பேரம்: கைவினைச் சந்தையில் மூன்று பருவங்கள்

என்னுடைய முதல் கைவினைச் சந்தையில் மிக அதிகம் பேர் கையில் எடுத்துப் பார்த்த பொருளும், ஒன்றுகூட விற்காமல் வீடு திரும்பிய பொருளும் ஒன்றேதான். 35 செ.மீ. விட்டமுள்ள பெரிய மண் கிண்ணங்கள் ஆறு செய்து கொண்டுபோயிருந்தேன். வந்தவர்கள் விளிம்பைத் தடவினார்கள், அடியைத் திருப்பிப் பார்த்தார்கள், உடன் வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், பிறகு தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "நாளைக் காலை கிளம்புகிறோம், பெட்டியில் இடமில்லை" என்று சொல்லிப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் விலையைக் கேட்கவே இல்லை. சுற்றுலா நகரத்துச் சந்தையில் பேரம் என்னோடு நடப்பதற்கு முன்பே அவரவர் பெட்டியோடு நடந்து முடிந்துவிடுகிறது என்பது அந்த இரண்டு நாட்களில் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு மேலும் இரண்டு பருவங்கள் அதே சந்தையில் விற்றும், ஓய்ந்த வேளைகளில் சுற்றிவந்து வாங்கியும் பழகியிருக்கிறேன்.

சந்தைக்குள் இடம் கிடைத்ததே ஒரு தனிக் கதை. ஐந்து மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பொருள்களின் படங்கள் நான்கும் கடை விரிக்கும் ஸ்டால் அமைப்பின் படம் ஒன்றும் இணைக்க வேண்டும். அதுவரை ஸ்டாலே போடாதவர் அந்தப் படத்துக்கு எங்கே போவது என்று எவரும் சொல்லவில்லை. முதல் முறை பூப்போட்ட மேசைவிரிப்பின் மீது கோப்பைகளைக் கூட்டமாக நிறுத்தி எடுத்த படங்களை அனுப்பினேன். காரணம் எதுவும் கூறாமல் நிராகரித்தார்கள். சில வாரங்கள் கழித்து அதே படங்களை எடுத்துப் பார்த்தபோது, கோப்பைகளைவிட விரிப்புதான் கண்ணில் பட்டது. அடுத்த முறை சாம்பல் நிறத் தாளைச் சுவரிலிருந்து மேசைவரை வளைத்துத் தொங்கவிட்டு, நிழலான பகல் வெளிச்சத்தில், ஒரு படத்துக்கு ஒரு பொருள் என்று எடுத்தேன். இரவல் வாங்கிய கூடாரத்தை வெட்டவெளியில் விரித்து, அலமாரிகளை அடுக்கி, ஸ்டால் அமைப்பின் படத்தையும் எடுத்துமுடித்தேன். இம்முறை காத்திருப்போர் பட்டியலில் சேர்த்தார்கள். யாரோ விலகியதால், சந்தைக்கு ஏழு வாரங்கள் இருக்கும்போது அழைப்பு வந்தது. கட்டணம் திரும்பக் கிடைக்காது, முடிவு நேரத்துக்கு முன்பாகக் கடையைக் கட்டக் கூடாது, சொந்தக் கையால் செய்தவற்றை மட்டுமே விற்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளை நான் பணம் கட்டிய பிறகுதான் நிதானமாகப் படித்தேன்.

ஏழு வாரம் என்பது கேட்பதற்கு நீண்ட காலம்போல் இருக்கும். ஸ்டோன்வேர் எனப்படும் கெட்டியான மட்பாண்டத்துக்கு அது இரண்டு சூளைக்கான அவகாசம்தான். சக்கரத்தில் வனைந்த கோப்பை தோல்போல் இறுகியதும் அடியைச் சீவி, கைப்பிடியை ஒட்டி, ஒரு வாரத்துக்கு மேல் மெல்ல உலரவிட்டு, ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் ஒருமுறை சுட்டு, கண்ணாடிப்பூச்சில் தோய்த்து, 1220 டிகிரிக்கும் மேலே மறுபடியும் சுட வேண்டும். இதில் எந்தக் கட்டத்தையும் விரட்ட முடியாது. நான் விரட்டினேன். இரண்டாவது சூளை ஆறிக்கொண்டிருந்தபோது, இன்னும் 200 டிகிரிக்கு மேல் இருக்கையிலேயே பொறுமை இழந்து மூடியைத் திறந்தேன். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் படிகங்கள் 573 டிகிரியை ஒட்டிச் சட்டென்று சுருங்கும். கிறிஸ்டோபலைட் என்ற அதன் இன்னொரு வடிவம் 220 டிகிரியை ஒட்டிச் சுருங்கும். அந்த நேரத்தில் குளிர்ந்த காற்று பட்டால் பாண்டத்தில் முடி போன்ற விரிசல் ஓடும். நாற்பது கோப்பைகளில் ஒன்பது அப்படிப் போயின. இப்போது கையை உள்ளே விட்டுக் கோப்பையைத் தொட்டு எடுக்கும் சூடு வரும்வரை சூளையின் பக்கமே போவதில்லை.

இரண்டாவது பருவத்துக்கு முன்பு, பொருள்களையே மாற்றினேன். கைப்பிடி இல்லாத, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் குவளைகள், உள்ளங்கை அளவுத் தட்டையான தட்டுகள், மோதிரமும் சாவியும் போட்டுவைக்கும் சிறு கிண்ணங்கள் ஆகியவை மேசையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. நான் பிசையும் மண் ஈரத்திலிருந்து இறுதிச் சூளைக்குள் சுமார் 12 சதவீதம் சுருங்கும் என்பதால், ஒன்றுக்குள் ஒன்று அமரும் அளவைச் சரிசெய்யவே இரண்டு சூளைகள் வீணாயின. விலைச்சீட்டில் எடையையும் எழுதினேன். "220 கிராம்" என்ற அந்த எண்ணைப் படித்ததும் பலருடைய முகத்தில் ஒரு கணக்கு ஓடி முடிவதை நேரில் பார்க்கலாம். ஸ்டால் ஓரத்தில் பழைய பெட்டி ஒன்றைப் பாதி துணியோடு திறந்துவைத்து, அதிலிருந்த காலணிக்குள் ஒரு குவளையைச் செருகிக் காட்டினேன். நான் பேசியதைவிட அந்தக் காலணி அதிகம் விற்றுக்கொடுத்தது.

ஸ்டால் போடுவதில் காற்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் கூடாரம், காற்றுக்கு ஒரு பாய்மரம்தான். முதல் பருவத்தில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு சிறு மணல்மூட்டையை மட்டும் வைத்திருந்தேன். மதியம் ஒரு வீச்சில் கூடாரத்தின் இரண்டு கால்கள் எழும்பின, பக்கத்தில் கண்ணாடி மணிகள் விற்றவர் பாய்ந்து பிடித்திராவிட்டால் அன்றே என் கடை முடிந்திருக்கும். இப்போது காலுக்கு 20 கிலோ கட்டுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், பத்து லிட்டர் கேன்கள் இரண்டை அங்கேயே நிரப்பிக்கொண்டால் பளுவை ஊரிலிருந்து சுமக்க வேண்டியதில்லை. சமமில்லாத தரைக்கு மரச் சக்கைகளும், கூட்டம் கூடும்போது நெட்வொர்க் நின்று கார்டு மெஷின் உறங்கிவிடும் என்பதால் போதிய சில்லறையும் வைத்திருக்கிறேன்.

முதல் போணிக்குக் காத்திருக்கும் மணி நேரம்தான் மனத்தை அரிப்பது. அப்போது போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் கடையை மக்கள் ஒரு மரியாதையோடு தவிர்த்துவிடுகிறார்கள் என்பதைக் கவனித்த பிறகு, ஈரத்துணியில் சுற்றிய, இன்னும் சுடாத குவளைகள் சிலவற்றை எடுத்துப்போய், அவற்றில் கோடு கீறும் வேலையை அங்கேயே செய்யத் தொடங்கினேன். வேலை செய்யும் கையைப் பார்க்க நிற்பவருக்கு வாங்க வேண்டிய கட்டாயம் தோன்றுவதில்லை. அதனாலேயே நிற்கிறார், நின்றவர் கேட்கிறார், கேட்டவரில் சிலர் வாங்குகிறார்.

வாங்கியபின் பொதிவதுதான் பாதி விற்பனை. முதல் பருவத்தில் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். அச்சு மை பூச்சில்லாத அடிப்பாகத்தில் ஒட்டிக் கறையானது, ஒரு குவளையைச் சுற்ற இரண்டு நிமிடம் பிடித்ததால் வரிசையில் நின்றவர்களில் இருவர் நழுவினார்கள். இப்போது அச்சிடாத தாளை முந்தைய இரவே அளவாக வெட்டிவைக்கிறேன். உள்ளே தாளைத் திணித்து, கைப்பிடி இருந்தால் அதற்குத் தனியாக ஒரு சுற்று சுற்றி, பிறகு முழுவதையும் மூடி, கண்முன்னாலேயே மேசைமீது இரண்டு முறை தட்டிக் காட்டுகிறேன். தபாலில் அனுப்பச் சொல்பவர்களுக்குப் பெட்டிக்குள் பெட்டி வைத்து, இரண்டுக்கும் இடையே எல்லாப் பக்கமும் ஐந்து செ.மீ. திணிப்பு வைக்கிறேன், இப்படி அனுப்பிய பதினேழில் உடைந்தது ஒன்று, அதற்கு மாற்றுக் குவளை அனுப்பினேன்.

இனி, வாங்குபவராக நான் சுற்றியது. சந்தை திறந்த முதல் மணி நேரத்தில் தெரிவு அதிகம், விற்பவருக்கும் பேசும் தெம்பு இருக்கும். மட்பாண்டமானால் உள்ளங்கையில் நிறுத்தி விரலால் சுண்டிப் பார்ப்பேன். நன்றாக வெந்தது கணீரென்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் மந்தமாகச் சொத்தென்று ஒலிக்கும். பிறகு சமதளத்தில் வைத்து ஆடுகிறதா என்று பார்த்து, பூச்சில்லாத அடிவளையத்தைத் தடவுவேன். அதைத் தேய்த்து மழமழப்பாக்கியவர் மற்றவற்றிலும் அக்கறை காட்டியிருப்பார் என்பது என் அனுமானம், இதுவரை பெரும்பாலும் பொய்க்கவில்லை. தங்க விளிம்பு வைத்த பாண்டம் மைக்ரோவேவுக்கு ஆகாது. வெள்ளி நகையில் 925 என்ற முத்திரை 92.5 சதவீத வெள்ளியைக் குறிக்கும்; முத்திரை இல்லையென்றால் ஏன் என்று கேட்கலாம், கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டியதில்லை.

எல்லாமே கையால் செய்தவை என்ற நிபந்தனை இருந்தும், மொத்தமாக வாங்கி வந்து பரப்பியவர்களை ஒவ்வொரு பருவமும் காண்கிறேன். ஒரே அச்சாகப் பல டஜன் இருப்பதை மட்டும் வைத்து முடிவுகட்டிவிட முடியாது. அச்சில் வார்த்துச் செய்பவர்களும் கைவினைஞர்களே. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதில் எந்த இடம் அடிக்கடி கெட்டுப்போகும்?" செய்தவர் அதற்குக் கால் மணி நேரம் பதில் சொல்வார், செய்யாதவர் விலையைக் குறைப்பார்.

எல்லை கடக்கும் பயணி இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆமை ஓடு, தந்தம், பவளப்பாறை போன்றவை அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்த 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. பட்டை உரிக்காத மரம், விதை, இறகு போன்றவற்றைப் பல நாடுகளின் சுங்கத்தில் தடுத்துவிடுவார்கள். விதைமாலை ஒன்றை ஆசையாக எடுத்துவிட்டு, இந்த நினைவு வந்ததும் திரும்ப வைத்தேன். விற்றவர் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது, என் கிண்ணங்களை வைத்துவிட்டுப் போனவர்களின் நிலையில் நானும் நின்றேன்.

ஸ்டால் கட்டணத்தைப்போல் பத்து மடங்கு விற்றால் நல்ல சந்தை என்பது இத்தொழிலில் புழங்கும் கணக்கு. எனக்கு முதல் பருவத்தில் மூன்று மடங்குகூட வரவில்லை, மூன்றாவதில் ஏழு மடங்கு வந்தது. அந்தப் பருவத்தின் கடைசி மாலையில் பயணிகள் கூட்டம் வடிந்த பிறகு, அதுவரை தலைகாட்டாத உள்ளூர்வாசிகள் வரத் தொடங்கினார்கள். மேசைக்கு அடியில் மூன்று பருவமாகப் பயணித்த பெரிய கிண்ணங்களை எடுத்து மேலே வைத்தேன். இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பதாகச் சொன்ன ஒரு பெண்மணி, ஒன்றைச் சுண்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டினார். தாளை எடுக்கப் போன என்னை, "வேண்டாம், அப்படியே கொடுங்கள்" என்று தடுத்து, கிண்ணத்தை இரு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி நடந்து போனார்.