கருவின் கண்: ஸ்கேனில் தெரிவதும் தெரியாததும்

ஜூன் 3

கருவின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனில் கண்குழி இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்ததோடு பலர் அடுத்த உறுப்புக்குப் போய்விடுகிறார்கள். லென்ஸையும் பார்த்தாக வேண்டும். நல்ல லென்ஸ் திரையில் மெல்லிய வெள்ளை வளையமாகத் தெரியும், நடுவில் கறுப்பு. அந்தக் கறுப்பில் வெண்மை திரண்டிருந்தாலோ, வளையத்துக்குள் இன்னொரு வளையம் தெரிந்தாலோ கண்புரையாக இருக்கலாம். ஆனால் ப்ரோப் (வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவி) சாய்ந்தாலும் கெயின் (படத்தின் வெளிச்ச அளவு) கூடினாலும் நல்ல லென்ஸே வெளுத்துக் காட்டும். கெயினைக் குறைத்து, குழந்தை முகம் திருப்பும்வரை காத்திருந்து, வேறு கோணத்திலும் அதே வெண்மை இருந்தால் மட்டும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். லென்ஸின் பின்னாலிருந்து பார்வை நரம்பை நோக்கி ஓடும் மெல்லிய கோடு ஹையலாய்ட் ரத்தக்குழாய். 20 வாரத்தில் அது இயல்பு.

ஜூன் 4

புரையோடு கண்ணும் சிறுத்திருந்தால் முதல் சந்தேகம் ரூபெல்லா, தாயிடமிருந்து கருவுக்குத் தொற்றும் வைரஸ் நோய். இதயத்தில் நுரையீரல் தமனி குறுகியிருக்கிறதா என்று பாருங்கள். நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் குழாய் பிறந்த பின்னும் மூடாமலிருக்கும் பி.டி.ஏ.வைக் கருவில் தேடிப் பயனில்லை. அந்தக் குழாய் பிறக்கும்வரை எல்லாக் குழந்தைக்கும் திறந்தேதான் இருக்கும்.

கண்ணைக் கெடுக்கும் தொற்று பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் வந்தது. தாய்க்குத் தடிப்பே வராமலும் போயிருக்கலாம். 20 வாரத்தில் தாயின் ரத்தத்தில் ஐஜிஎம் (புதுத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்) பார்த்தால் அதற்குள் மறைந்திருக்கலாம். ‘நெகட்டிவ்’ என்று நிம்மதி அடையக் கூடாது. ஐஜிஜியும் (தொற்று போன பின்னும் நிலைத்திருக்கும் எதிர்ப்பொருள்) சேர்த்துக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால்தான் ரூபெல்லாவை ஒதுக்கலாம்.

ஜூன் 9

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வேறு கதை. அது தாக்குவது விழித்திரையை; அந்தத் தழும்பு ஸ்கேனில் தெரியாது. மூளையில் சுண்ணாம்புப் புள்ளிகளோ நீரறை வீக்கமோ இருந்தால்தான் துப்பு கிடைக்கும். பனிக்குட நீரில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) செய்ய 18 வாரம் முடிந்திருக்க வேண்டும், தாய்க்குத் தொற்றி 4 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் ஒட்டுண்ணி நீருக்கு வந்திருக்காது. பொய்யான நெகட்டிவ் வரும். பிசிஆர் பாசிட்டிவ் என்றால், ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் பிறந்ததும் குழந்தையின் கண்மணியை மருந்து விட்டு விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். புண் சில ஆண்டுகள் கழித்தும் வரும் என்பதால் அதோடு விட்டுவிடவும் முடியாது.

ஜூன் 10

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் நடந்த தட்டம்மை-ரூபெல்லா முகாமில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் ஊசி போட்டார்கள். அன்று அந்த வயதைத் தாண்டியிருந்த பெண்களில் பலர் இப்போது பிரசவ வார்டுகளில் இருக்கிறார்கள். கர்ப்பத்தில் இந்த ஊசி கூடாது. எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்குப் பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே போட்டுவிடலாம். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. ஊசிக்குப் பின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.