பையிலேயே கழிந்த ஐந்து மாதங்கள்

சென்னை சேலையூரில் பழைய வீட்டை இடித்துக் கட்டத் தொடங்கியபோது பின்கட்டிலிருந்த மாமரம் போயிற்று. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அன்று ஒரே ஒரு கிளையை இழந்து தப்பிய மரம் அது. கடைக்கால் தோண்டும்போது அதைக் காப்பாற்ற வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சித்திரைக்குள் பின்கட்டைக் காலி செய்து தந்துவிடுவதாக ஒப்பந்ததாரர் சொன்னதை நம்பி, மாசிக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரி ஒன்றுக்கு அம்மாவை அழைத்துப்போய்ப் பதினொரு கன்றுகள் வாங்கினேன். மாவில் செந்தூரா ஒன்று, இமாம்பசந்த் ஒன்று, கொய்யா இரண்டு, எலுமிச்சை இரண்டு, சப்போட்டா, நாவல், மாதுளை, தெருவாசலுக்குப் புங்கன் இரண்டு.

பின்கட்டு காலியானது ஆவணியில். இடைப்பட்ட மாதங்கள் முழுவதும் அந்தக் கன்றுகள் பையிலேயே இருந்தன.

முதலில் நாங்கள் தங்கியிருந்த வாடகை வீட்டின் மொட்டை மாடியில் வரிசையாக வைத்தேன். பழ மரத்துக்கு வெயில் வேண்டும், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று நினைத்தேன். பங்குனி பாதிக்குள் இமாம்பசந்தின் இலைகள் சுருண்டு தொங்கின. தண்ணீரைக் கூட்டினேன், இன்னும் வாடியது. பிறகு ஒருநாள் காலையில் அடித்தண்டிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் துளிர் வந்திருந்தது. பிழைத்துவிட்டது என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்த அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒட்டுக் கட்டியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். துளிர் அதற்குக் கீழே இருந்தது. மேலே ஒட்டிய இமாம்பசந்த் காய்ந்துபோய், கீழேயிருந்த நாட்டு மாங்கன்று மட்டும் உயிரோடு இருந்தது.

அந்தக் கன்றை எடுத்துக்கொண்டு மறுபடியும் நர்சரிக்குப் போனேன். அங்கே பை நிரப்பும் வேலையிலிருந்த அக்கா ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மத்தியானம் ஒரு தடவையாவது பையைத் தொட்டுப் பார்த்தீர்களா அம்மா?" நான் பார்த்ததெல்லாம் இலையை மட்டுமே. அன்று மதியம் இரண்டு மணிக்கு மாடியேறித் தொட்டபோது உள்ளங்கையை வைத்திருக்க முடியவில்லை. கறுப்புப் பாலிதீன் மேற்கு வெயிலை வாங்குகிறது, சிமென்ட் தளம் கீழிருந்து சுடுகிறது, நடுவில் இரண்டு கைப்பிடி மண்ணுக்குள் வேர் வெந்துகொண்டிருக்கிறது. வெந்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஊற்ற ஊற்ற வாடியிருக்கிறது. இதை யாரும் முன்பே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பனி பெய்யும் நாடுகளில் முன்கூட்டி வாங்கிய கன்றுகளைக் குளிர்ந்த நிலவறையிலோ, நிழலான இடத்தில் பள்ளம் தோண்டி வேரை ஈரமண்ணில் சாய்த்துப் புதைத்தோ வசந்தம் வரை வைத்திருப்பார்கள். இலையுதிர்ந்து உறங்கும் கன்றை எழுப்பாமல் வைத்திருக்கும் வேலை அது. சென்னையில் எந்தக் கன்றும் உறங்குவதில்லை. பைக்குள்ளும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆனாலும் வேரை மண்ணுக்குள் மறைத்துவைக்கும் அந்த யோசனை இங்கேயும் பொருந்துகிறது.

வீட்டு உரிமையாளரிடம் கேட்டு, கிழக்குப் பக்கச் சந்தில் காரை பூசாமல் மூன்று வரிசை செங்கல் அடுக்கி, எட்டடி நீளம் இரண்டடி அகலத்தில் ஒரு தொட்டி போலக் கட்டினேன். கட்டுமான இடத்திலிருந்து எட்டு மூட்டை மணல். பைகளைக் கழுத்துவரை அதில் புதைத்தேன். மேலே ஐம்பது சதவீத நிழல் வலை. காலை வெயில் பத்து மணிவரை விழும். பிறகு வீட்டு நிழல். கத்திரி நாட்களில் கடற்காற்று வராமல் ஊரே புழுங்கிய மதியங்களில்கூட மணலுக்குள் விரலை விட்டால் குளிர்ச்சியாக இருந்தது. தண்ணீர் ஒருவேளை போதுமானதாயிற்று, அதுவும் மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும்.

தண்ணீரிலும் ஒரு பாடம் காத்திருந்தது. செந்தூராவின் இலை நுனிகள் கருகத் தொடங்கின, பைமண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு. பை சிறியது என்பதால் உப்பு வெளியேற இடமின்றித் தங்கிவிடுகிறது. குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் வந்த நாளில் அடித்துளை வழியே வழிந்தோடும்வரை இரண்டு மூன்று முறை ஊற்றி அலசினேன். அதன்பின் வந்த துளிர் சுத்தமாக இருந்தது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பையையும் தூக்கித் திருப்பி வைக்க வேண்டும். இதுவும் அந்த அக்கா சொன்னதுதான். விட்டால் துளை வழியே வேர் மணலில் இறங்கிவிடும், பிறகு தூக்கும்போது அறுந்து கன்று அதிர்ச்சியடையும். நாவலை ஒருமுறை தாமதித்துத் தூக்கியதில் இலை பாதி உதிர்ந்தது. கொய்யா இரண்டும் வைகாசியிலேயே பையை நிறைத்துவிட்டதால் பெரிய பைக்கு மாற்றினேன். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம அளவு. உரம் என்று வேறெதுவும் போடவில்லை. நடும்வரை காத்திருக்கும் கன்றை வேகமாக வளர்க்கக் கூடாது என்பது என் கருத்து.

எலுமிச்சையில் பறவை எச்சம் போலக் கிடந்தவை புழுக்கள் என்று தெரிவதற்குள் ஒரு கன்று மொட்டையாகி, திரும்பத் துளிர்க்கவே இல்லை. மற்றொன்றைத் தினமும் காலையில் கையால் பொறுக்கிக் காப்பாற்றினோம். அம்மாவுக்கு அது வழக்கமான வேலையாகிவிட்டது.

ஆடிக் கடைசியில் நிழல் வலையை முதலில் காலை மட்டும், பிறகு பாதி நாள், பிறகு முழுதாக விலக்கினேன். குழிகள் இரண்டடிக்கு இரண்டடி, பத்து நாள் ஆறப் போட்டவை. ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்க வேண்டும் என்று ஆவணி முதல் வாரத்தில் ஒரு மாலையில் நட்டோம். பையைப் பிளேடால் நெடுகக் கீறி, அடியில் சுருண்டிருந்த வேரை மட்டும் வெட்டிவிட்டு, ஒட்டுப் பகுதி மண்ணுக்கு ஒரு சாண் மேலே நிற்குமாறு வைத்தேன். செந்தூராவின் ஒட்டுக்கட்டில் பிளாஸ்டிக் நாடா இன்னும் இறுகிக் கிடந்ததைக் கடைசி நேரத்தில்தான் பார்த்து அறுத்தெடுத்தேன். பழைய மாமரம் நின்ற இடத்துக்கு ஆறடி தள்ளி அதை வைக்கச் சொன்னவர் அம்மா.

ஏழு கன்றுகள் மண்ணில் இறங்கிவிட்டன. தெருவில் வடிகால் வேலை முடியாததால் புங்கன் இரண்டும் இன்னும் அந்த மணல் தொட்டியில்தான் இருக்கின்றன. பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்த் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு வருகிறேன்.