வியாழக்கிழமை காலை ஆறு மணி ஆட்டம்

வியாழக்கிழமை விடிகாலை ஆறு மணிக்கு எங்கள் சத்துவாச்சாரி தெருவில் முழித்திருப்பது மூன்று பேர்தான். பால் பாக்கெட் போடும் பையன், வாசல் தெளிக்கும் எதிர்வீட்டு அக்கா, அப்புறம் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பிரேசில் லீக் பார்க்கும் நான். இதை யாரிடமாவது சொன்னால் "இப்ப என்ன வேர்ல்டு கப்பா நடக்குது?" என்று கேட்கிறார்கள்.

கேட்பதில் தப்பில்லை. நம் ஊரில் பிரேசில் ரசிகர்களுக்குப் பஞ்சமே கிடையாது, நாலு வருடத்துக்கு ஒரு தடவை மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு பேனர் கட்டுகிறவர்களை வேலூரில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அதில் ஒருவரைப் பிடித்து, பிரேசிலுக்குள் இருக்கும் ஐந்து கிளப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். சாண்டோஸ் என்பார், பெலே ஆடினார் என்பதால், நெய்மர் 2025ல் அங்கே திரும்பிப் போனார் என்பதால். அதற்கு மேல் வண்டி நகராது. அதே ஆள் இங்கிலாந்தில் பதினேழாவது இடத்தில் கிடக்கும் அணியின் இரண்டாவது கோல்கீப்பர் வரைக்கும் தெரிந்து வைத்திருப்பார். நானும் 2022 வரை அந்த ஜாதிதான்.

என்னை மாற்றியது ஷூ கம்பெனி. ஆம்பூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். அந்த வருடம் லாஸ்டிங் லைனை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை அச்சில் இழுத்துப் பொருத்தும் வரிசையை, சரிபண்ணுவதற்காக ஒரு டெக்னீஷியனை வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர், பிரேசிலின் தென்கோடியில் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலம், அதில் நோவோ ஹம்புர்கோ என்ற ஊர். அந்த ஊரை அங்கே ஷூ தலைநகரம் என்றே சொல்வார்களாம், தோல், கெமிக்கல், மெஷின் என்று வருடா வருடம் பெரிய கண்காட்சி நடக்கும். பிரேசிலின் ஆம்பூர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிரியாணி மட்டும் இல்லை. லைனில் எல்லாரும் அவரை "பிரேசில் சார்" என்றே கூப்பிட்டார்கள், அவருக்கும் அது பிடித்துப்போனது.

முதல் வாரமே கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்மர், வினிசியஸ் என்று ஆசையாக ஆரம்பித்தேன். மனிதர் தட்டிலிருந்து தலையே தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதெல்லாம் டிவிக்காரர்களின் பிரேசில், எனக்கு எங்கள் மாநில கிளப் கிரேமியோ போதும் என்றார். கிரேமியோ எந்த டிவிஷன் என்று கேட்டேன். அது தப்பான கேள்வி. 2021ல் அந்த அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தது, 2022 முழுக்க அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தது. சாம்பாரைப் பிசைந்துகொண்டே இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தார். பேச்சை மாற்ற, சென்னையின் எஃப்சிக்கு 2014ல் ஆடின எலானோவை எடுத்துவிட்டேன், அந்த சீசனில் நம் இந்தியன் சூப்பர் லீக்கில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். "எலானோ! எங்ககிட்ட ஆடினவன்" என்று முகம் மலர்ந்தது. அங்கிருந்து தொடங்கியது எங்கள் சிநேகம்.

ஆட்டம் ஏன் இப்படிக் கண்ட நேரத்தில் வருகிறது என்ற விஷயத்தை விளக்கியதும் அவர்தான். பிரேசிலியா நேரத்துக்கும் நமக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். ஞாயிறு மாலை நாலு மணி ஆட்டம் நமக்கு நடுராத்திரி பன்னிரண்டரை, அது கூடத் தேவலை. வார நடுவில் புதன்கிழமையின் பெரிய ஆட்டங்கள் இரவு ஒன்பதரைக்குத்தான் தொடங்கும், காரணம் சீரியல். சத்தியமாகச் சொல்கிறேன். குளோபோ என்கிற பெரிய சேனல் பல பத்து வருடங்களாகக் கால்பந்து உரிமையையும் கையில் வைத்திருந்தது, இரவு நேர மெகா சீரியலையும் கையில் வைத்திருந்தது. சீரியல் முடிந்தால்தான் பந்து உருளும். ஆட்டம் முடிய நள்ளிரவு நெருங்கிவிடும், மைதானத்துக்குப் போனவன் கடைசி பஸ்ஸைத் துரத்த வேண்டும், காலையில் வேலைக்கும் போக வேண்டும். அங்கே ரசிகர்கள் இதைத் திட்டாத நாளில்லை. ஆனால் அந்தச் சீரியல் புண்ணியத்தில் எனக்கு வியாழன் காலை ஆறு மணிக்கு ஆட்டம் கிடைக்கிறது. முதல் பாதி வீட்டில், காபியோடு. ஏழு பத்துக்கு கிரீன் சர்க்கிளில் கம்பெனி பஸ், இரண்டாம் பாதி அதில். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டினால் சிக்னல் போகும், எத்தனையோ கோல்கள் எனக்கு மாதனூர் பக்கத்தில் சுற்றும் வட்டமாகவே நின்றுபோயிருக்கின்றன.

இவ்வளவு நல்ல சரக்கு ஏன் உலகம் முழுக்க விற்கவில்லை என்று நிறைய யோசித்திருக்கிறேன். நல்ல ஆட்டக்காரன் எல்லாம் ஐரோப்பாவுக்கு ஓடிவிடுகிறான், மிச்சத்தை யார் பார்ப்பார்கள் என்பது எல்லாரும் சொல்லும் பதில். எனக்கு அதில் பாதிதான் ஒப்புதல். கடை நடத்தத் தெரியவில்லை என்பதுதான் பெரிய காரணம். இங்கிலாந்தில் 1992ல் கிளப்கள் பிரீமியர் லீக் என்று ஒரே கம்பெனியாகச் சேர்ந்து, ஒரே கடையாக உலகத்துக்கு விற்றார்கள், சனிக்கிழமை மத்தியானமே ஒரு ஆட்டத்தை வைத்து நம் சாயந்திர டீ நேரத்தைப் பிடித்தார்கள். பிரேசிலில் அப்படி ஒரு கம்பெனி கிடையாது, போட்டியை நடத்துவது கால்பந்துச் சங்கம். பெரிய கிளப்கள் 1987ல் பதின்மூவர் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்துச் சேர்ந்து பேரம் பேசினார்கள், 2011ல் அது உடைந்தது. அதன்பிறகு அவனவன் தனித்தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டான், ஃபிளமெங்கோவுக்கும் கொரிந்தியன்ஸுக்கும் மூட்டை மூட்டையாகப் பணம், சின்ன அணிக்குச் சில்லறை.

இன்னொரு கூத்து உண்டு. 2021ல் புதுச் சட்டம் வரும்வரை, ஒரு ஆட்டத்தைக் காட்ட இரண்டு கிளப்பும் சம்மதிக்க வேண்டும். ஒருவன் ஒரு சேனலோடும் இன்னொருவன் வேறு சேனலோடும் ஒப்பந்தம் போட்டிருந்தால் ஆட்டம் எந்தத் திரையிலும் வராது. 2019ல் அப்படிச் சில ஆட்டங்கள் இருட்டிலேயே நடந்து முடிந்தன, மைதானத்தில் இருந்தவர்கள் பார்த்ததோடு சரி. இப்போது சட்டப்படி யார் மைதானத்தில் ஆட்டமோ அந்த அணிக்கே உரிமை. சரி, இனி ஒன்றுசேர்வார்கள் என்று பார்த்தால் லிப்ரா என்று ஒரு கூட்டணி, லிகா ஃபோர்ச்சி என்று எதிர்க் கூட்டணி. ஒரே அம்மன், ஒரே திருவிழா, இரண்டு கமிட்டி, இரண்டு ரசீது புத்தகம். 2025லிருந்து ஒரே லீக்கின் ஆட்டங்கள் குளோபோ, ரெக்கார்டு, அமேசான், யூடியூப் என்று பிரிந்து கிடக்கின்றன. அந்த யூடியூப் கடையை நடத்துவது காசிமிரோ என்கிற இளைஞர், கேமராவுக்கு முன் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக் கலாய்த்தே பேர் வாங்கியவர். 2022 உலகக் கோப்பையில் பிரேசில், குரோஷியா ஆட்டத்தை அவர் சேனலில் ஒரே நேரத்தில் 60 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். உள்நாட்டிலேயே எந்தத் திரையில் எந்த ஆட்டம் என்று தேட வேண்டியிருக்கிறது, இதில் வேலூரில் இருப்பவனுக்கு யார் கவலைப்படப் போகிறார்கள்? இங்கே ஒரு வருடம் ஒரு செயலியில் வரும், சந்தா கட்டுவேன், அடுத்த சீசனில் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிவிடுவார்கள். தெருக் கேபிள்காரரிடம் ஒருமுறை கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சந்தா பாக்கியை ஞாபகப்படுத்தினார்.

ஆட்டத் தரம்? உண்மையைச் சொன்னால் ஐரோப்பா வேகம் இருக்காது. ஃபவுல் ஜாஸ்தி, நடுவரைச் சுற்றிப் பஞ்சாயத்து ஜாஸ்தி, நாலு ஆட்டம் தோற்றால் கோச்சுக்குச் சீட்டு கிழிந்துவிடும். ஆனால் யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாது. இப்போதுள்ள லீக் முறை வந்த 2003லிருந்து 2025 வரை ஒன்பது வெவ்வேறு கிளப்கள் பட்டம் வாங்கியிருக்கின்றன. ஜெர்மனியில் 2013லிருந்து 2023 வரை தொடர்ந்து பதினொரு வருடம் ஒரே பேயர்ன் மியூனிக்தான். எதை விடிகாலையில் எழுந்து பார்ப்பீர்கள்?

2023 நவம்பர் 2, வியாழன். பொட்டஃபோகோ பட்டியலில் முதலிடம், பால்மெய்ராஸ் துரத்துகிறது. இடைவேளையில் பொட்டஃபோகோ மூன்றுக்குப் பூஜ்யம். ஆட்டம் முடிந்தது என்று நினைத்து பஸ் ஏறினேன். பால்மெய்ராஸில் எண்ட்ரிக் என்று பதினேழு வயசுப் பையன், ரியல் மாட்ரிட் அவனை ஏற்கெனவே வாங்கிவிட்டது, பதினெட்டு ஆகவில்லை என்பதால் வெளிநாடு போகமுடியாமல் ஊரில் ஆடிக்கொண்டிருந்தான். அவன் ஒன்று போட்டான், இன்னொன்று போட்டான். நடுவில் பொட்டஃபோகோ ஒரு பெனால்டியைக் கோட்டை விட்டது. கடைசி நிமிடங்களில் மூன்றாவது, கூடுதல் நேரத்தில் நான்காவது, பால்மெய்ராஸ் 4-3. நான் பஸ்ஸில் கத்தியதில் முன்சீட்டு ஸ்டிச்சிங் அக்கா திடுக்கிட்டு எழுந்து ஸ்டாப் வந்துவிட்டது என்று பையைத் தூக்கினார். அடுத்த வாரமே, தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அதே பொட்டஃபோகோ கிரேமியோவிடம் 3-1 என்று முன்னால் இருந்து 4-3 தோற்றது. அடித்தது முப்பத்தாறு வயது லூயிஸ் சுவாரஸ், மூன்று கோல். பிரேசில் சார் அன்றைக்கு லைனில் எல்லாருக்கும் மைசூர்பா வாங்கிக் கொடுத்தார். சுவாரஸ் யார் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, சாப்பிட்டார்கள். பதின்மூன்று புள்ளி வரை முன்னிலையில் இருந்த பொட்டஃபோகோ அந்த வருடம் ஐந்தாவதாக முடித்தது.

பிரேசில் சாருக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று உண்டு. அங்கே வருட ஆரம்பத்தில் மாநிலப் போட்டிகள் நடக்கும், தேசிய லீக்கைவிடப் பழையது, சாவ் பாலோ மாநிலப் போட்டி 1902லிருந்து நடக்கிறது. வெளிநாட்டுச் சேனல்கள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை, நேரத்தை வீணாக்கும் சின்னப் போட்டி என்று அங்கேயே பலர் சொல்கிறார்கள். 2017ல் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலப் போட்டியில் நோவோ ஹம்புர்கோ, அதாவது இவருடைய ஷூ ஊரின் அணி, இறுதி ஆட்டத்தில் இன்டர்நேசியோனலை பெனால்டியில் தோற்கடித்து முதல் தடவை கோப்பையைத் தூக்கியது. இன்டர்நேசியோனல் கிரேமியோவின் ஜென்ம எதிரி, அதற்கு முந்தைய வருடம்தான் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தது. சொந்த ஊர் ஜெயிக்க, எதிரி அழ, இரண்டும் ஒரே நாளில். இந்தக் கதையை எனக்கு ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு ஷூ அப்பரைக் கோப்பை மாதிரித் தூக்கிக் காட்டுவார்.

2024 ஆரம்பத்தில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனார். மே மாதம் அவர் மாநிலத்தில் பெருவெள்ளம். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய படங்களில் கிரேமியோ மைதானமும் தண்ணீருக்குள், இன்டர்நேசியோனல் மைதானமும் தண்ணீருக்குள். லீக்கை இரண்டு சுற்று நிறுத்தினார்கள். கிரேமியோ பக்கத்து மாநிலத்தையும் தாண்டி கூரிடிபாவுக்குப் போய்த் தன் சொந்த மைதான ஆட்டங்கள் சிலவற்றை ஆடியது. அவர் வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது நான் எடுத்த வீடியோவை அனுப்பினேன், மணலைத் தவிர எதையும் பார்க்காத எங்கள் ஆறு என்று எழுதி. பதிலுக்கு ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜ், முழுக்க போர்ச்சுகீஸ். ஒரு வார்த்தை புரியவில்லை, முழுசும் கேட்டேன்.

2025 ஜூன் 20, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் கிளப் உலகக் கோப்பை. காலை ஆறரைக்கு பொட்டஃபோகோ, பாரிஸ் அணி. ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் இன்டர் மிலானை ஐந்துக்குப் பூஜ்யம் அடித்து மூன்று வாரம்கூட ஆகாத பாரிஸ். பொட்டஃபோகோ 1-0 ஜெயித்தது. அன்றைக்கே இரவு பதினொன்றரைக்கு ஃபிளமெங்கோ, செல்சி: 3-1. பிரேசிலிலிருந்து போன நாலு அணியும் அடுத்த சுற்றுக்குப் போயின, ஃபுளுமினென்சே அரையிறுதி வரை. அங்கே செல்சிக்காக இரண்டு கோல் போட்டு அதை வெளியே அனுப்பிய ஜோவாவ் பெட்ரோ, ஃபுளுமினென்சேவிலேயே வளர்ந்த பையன்! திடீரென்று என் போன் அடிக்க ஆரம்பித்தது. "டேய், இந்த அணியெல்லாம் எதுல வருதுடா?" என்று வருடக்கணக்காக என்னைக் கிண்டல் செய்த கூட்டமே கேட்டது. அந்தப் போட்டியை ஒரு செயலியில் இலவசமாகக் காட்டினார்கள், அதுதான் விஷயம். கதவைத் திறந்து வைத்தால் ஜனம் வரத்தான் செய்யும். ஜூலை முடிவதற்குள் எல்லாரும் பழையபடி இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார்கள் என்பது வேறு கதை.

அதே வருடம் நான் பிடித்துக்கொண்ட அணி மிராசோல். சாவ் பாலோ மாநிலத்தில் அறுபதாயிரம் பேர் இருக்கும் ஊர், நம் ராணிப்பேட்டை அளவு. முதல் தடவையாக முதல் டிவிஷனுக்கு வந்து நேராக நான்காவது இடம், தென் அமெரிக்க கிளப்களின் பெரிய கோப்பையான லிபர்தடோரெஸுக்கும் தகுதி. ராணிப்பேட்டை அணி ஒன்று கொல்கத்தா, கோவா அணிகளை எல்லாம் ஓரங்கட்டுவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

எப்போதாவது அங்கே ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஆட்டம் வைப்பார்கள், நமக்கு இரவு ஏழரை. எனக்கு அது பண்டிகை மாதிரி. அன்றைக்கு அம்மாவுக்குச் சீரியல் கிடையாது, பெரிய டிவி என் கைக்கு வரும். போனிலிருந்து டிவிக்கு இணைத்து, தோசையோடு உட்காருவேன். போனமுறை அம்மாவும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவங்க எந்த ஊரு என்றார். மிராசோல் என்றேன். "நம்ம ஷூ சார் ஊரா?" இல்லம்மா, அது வேற. "அப்ப அவர் ஊரு ஆட்டம் எப்ப வரும்?" என்றார். அது எந்த டிவியிலும் வராதும்மா என்றேன்.