கத்திரி மழையும் அருகம்புல்லும்

மே 4
இன்று அக்னி நட்சத்திரம் தொடக்கம். காட்பாடிப் பக்கம் இருக்கும் எங்கள் மைதானத்தில் விடியற்காலை ஐந்தரைக்கே தண்ணீர் விட்டு முடித்தேன். சுற்றியுள்ள பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கக்குகின்றன. அருகம்புல்லுக்கு இது பிடித்த பருவம்தான். எனக்கு வெயிலைவிட கோடை மழைதான் கவலை.

மே 9
நேற்று மாலை இடியோடு ஒரு மணி நேரம் கொட்டியது. பாலாறு வறண்டு கிடக்க, எங்கள் கிழக்கு மூலை குளமாகிவிட்டது. இன்று பத்து மணிக்குள் அந்தத் தண்ணீர் கை வைத்தால் சுட்டது. சூடான நீரில் பிராணவாயு குறைவு. மண்ணில் காற்று இருக்கவேண்டிய இடத்தையும் அதுவே அடைத்துக்கொள்ளும். வேர் மூச்சுத் திணறிச் சாகும். அப்புறம் ஈர மண்ணில் நின்றபடியே புல் வாடும். பார்ப்பவர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் விடுவார். நான் பார்த்த நல்ல தரைகள் பல இப்படித்தான் போயின.

வாய்க்கால் வெட்டி நீரை வடித்தோம்.

மே 12
பயந்தது நடந்தது. எண்ணெய் தடவினாற்போல் கரும்பச்சைத் திட்டுகள். விடியலில் அவற்றின்மேல் பஞ்சு இழை. மிளகாய் நாற்றங்காலில் நாற்றழுகல் உண்டாக்கும், பூஞ்சை போன்ற பித்தியம் இன நுண்ணுயிரிதான் இது.

மேற்பார்வையாளர் வந்தார். "இன்னா தம்பி, புல்லு இப்டி ஆயிகீது? யூரியா போட்டா பச்சையாயிடும்ல?"

"வேணாம் சார், இப்ப தழைச்சத்து போட்டா இளந்தழையா வரும், பூஞ்சைக்குத் தீனி" என்றேன். ஒப்புக்கொண்டார். மெட்டலாக்சில் என்ற நோய் மருந்தைத் தெளித்தோம். ஈரம் காயும்வரை வெட்டும் இயந்திரத்தை எடுக்கவில்லை. சக்கரத்தோடு நோய் ஊர்ந்துவிடும்.

மே 13 – 18
தினமும் விடியலில் நீண்ட மூங்கிலால் பனித்துளியைத் தட்டிவிடுகிறேன். பிளேடைத் தீட்டி, வெட்டு உயரத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். கிழக்கு மூலை முழுக்க இரும்பு முள்ளால் துளையிட்டோம். துளைக்குள் போட எம்-சாண்டைத்தான் கழுவிச் சலித்தோம். அதிலுள்ள மாவு போகாவிட்டால் துளையே சிமெண்ட் பூசினாற்போல் இறுகிவிடும். தோள் வலிக்கிறது.

கோரை தலைகாட்டுகிறது. இழுத்தால் கிழங்கு மண்ணிலேயே நின்றுவிடும், தோண்டித்தான் எடுக்கவேண்டும்.

மே 24
கிழக்கு மூலையில் கையளவு மண்ணைப் பெயர்த்துப் பார்த்தேன். அழுகிய வேர்களுக்கு நடுவே மூன்று வெள்ளை வேர்கள், விரல் நீளம். பெயர்த்ததை அப்படியே திருப்பி வைத்து மிதித்துவிட்டேன். மேற்கே மறுபடியும் மேகம் கூடுகிறது. வாய்க்காலில் சருகு அடைத்திருக்கிறது, இருட்டுவதற்குள் போய் எடுக்கவேண்டும்.