மாமாவுக்காக ஐந்து நிமிடம்

மாமா இறந்த அன்று இரவே அத்தை கேட்டுவிட்டார்: "அஞ்சலிக் கூட்டத்துல அவரைப் பத்தி நாலு வார்த்தை நீ பேசுடா." மறுக்கிற நேரமா அது? சரி என்றேன்.

முதலில் எழுதியது சுத்த பயோடேட்டா. பிறந்த வருஷம், படிப்பு, வேலை, ஓய்வு. சத்தமாக வாசித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, அவரோடு பழகியவர்களுக்கு போன் செய்தேன். 'எப்படிப்பட்டவர்?' என்றால் 'தங்கமான மனுஷன்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் கேள்வியை மாற்றினேன்: 'அவர் மேல் எதற்காவது எரிச்சல் வந்திருக்கிறதா?' கொட்டித் தீர்த்தார்கள். மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: சட்டைப் பையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவர். யார் வீட்டுக்குப் போனாலும் பேசிக்கொண்டே கதவுக் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். லூசாக இருந்தால் அங்கேயே, யாரையும் கேட்காமல் முறுக்கிவிடுவார். அத்தைக்கு மானம் போகும். உரையின் நடுவில் அதைத்தான் வைத்தேன்.

அவருக்கும் அவர் தம்பிக்கும் இருந்த மனத்தாங்கலைத் தொட்டு ஒரு வரி எழுதியிருந்தேன். நல்ல வரிதான். அடித்துவிட்டேன்.

ஐந்து நிமிடத்துக்கு என் வேகத்தில் 400 சொல்லே அதிகம். பதினெட்டுப் பாயின்ட் எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்செடுத்து, பக்க எண் போட்டுக்கொண்டேன். போனைப் பார்த்து வாசிக்க வேண்டாம். திரை அணைந்துபோனால் கை நடுங்கும்போது திறக்க முடியாது. இன்னொரு பிரதியை மாமா மகளிடம் கொடுத்து, "நான் நின்றுவிட்டால் நீ வந்து வாசி" என்றேன். அப்படிச் சொல்லி வைத்ததே பாதி தைரியம்.

அழுகை வரும் என்று பென்சிலால் கோடு போட்டிருந்த இடத்தில் வரவே இல்லை. ஆட்டிப் பார்ப்பார், முறுக்கிவிடுவார் என்று சொல்லும்வரை சிரிப்புகூடக் கேட்டது. அடுத்த வரியில் 'அவர் பையில் எப்போதும் அது இருந்தது' என்று எழுதியிருந்தேன். அந்த 'இருந்தது' வாயில் வரவில்லை. விரலை வரியிலேயே வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சை விட்டேன், ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். ரொம்ப நேரம் நின்றதுபோல் இருந்தது. "பத்து விநாடிகூட இருக்காது" என்றாள் மாமா மகள் பிறகு. 'இருக்கும்' என்று மாற்றி வாசித்துவிட்டு மேலே போனேன்.

முடிந்ததும் அத்தை, "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டியேடா" என்றார். கிளம்பும்போது கூப்பிட்டு, அந்தத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார்.