அண்ணன் எடுத்த கடன், தம்பியின் இலக்கம்

கிளிநொச்சியில் வங்கியின் கடன் பிரிவுக்கு வந்த நாளிலிருந்து ஐப்பசி மாதம்தான் எனக்கு நெருக்கடியானது. காலபோக விதைப்புக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காசு வேண்டும்.

அப்படியொரு ஐப்பசியில் வந்தார் அவர். இரணைமடுவின் கீழ் மூன்று ஏக்கர் வயல். முன்னர் எடுத்த கடனை ஒரு நாளும் பிந்தாமல் கட்டி முடித்தவர். நம்பிக்கையோடு கிறிப், அதாவது அவருடைய கடன் வரலாற்று அறிக்கை, எடுத்துப் பார்த்தேன். லாண்ட்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு இயந்திரத்துக்கான லீசிங் ஒன்று, ஐந்து மாத நிலுவையோடு கிடந்தது.

“அண்ணை, ஆருக்கும் பிணை நிண்டனீங்களோ?”

வழமையாக நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சொந்தக்காரருக்குப் பிணைக் கையெழுத்து வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் இங்கே நிறையப்பேர். அந்தக் கடனும் அறிக்கையில் வரும். ஆனால் இவர் கடனாளியாகவே பதிவாகியிருந்தார்.

“நான் ஒண்டுக்கும் கையெழுத்து வைக்கேல்லைத் தம்பி. லாண்ட்மாஸ்டர் எடுத்தது அண்ணன்.”

அண்ணனும் தம்பியும் இரட்டையர். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. ஆகவே இருவருக்கும் முதல் ஐந்தும் ஒன்றே. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்றே.

அடுத்த நாள் ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். 2009இல் போரில் இடம்பெயர்ந்தபோது குடும்பத்தின் பத்திரம் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனவர் அவர்களுடைய தாய். மெனிக் பாம் முகாமிலும் அந்தப் பைதான் தலைமாட்டில் இருந்ததாம். இன்றுவரை அந்தப் பத்திரங்களை ஆளுக்காள் பிரிக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பெர்மிட், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் ஒன்றாகவே கிடந்தன. இருவரின் பிரதிகளையும் மேசையில் அருகருகே வைத்தேன். போட்டோக்கொப்பியில் கறுத்துப்போன ஒரே முகம், இரண்டு தாளில்.

அண்ணர் அவசரத்தில் உருவிக் கொடுத்தது தம்பியின் பிரதியை. லீசிங் ஒப்பந்தத்தில் பெயரும் கையெழுத்தும் அண்ணருடையவை, இலக்கம் மட்டும் தம்பியுடையது. அந்த நிதிக் கம்பனியில் மூல அட்டையை வாங்கி ஒருமுறை ஒப்பிட்டிருந்தால் போதும்.

“பிளாக்லிஸ்ட் பண்ணிப்போட்டாங்களோ?” என்று கேட்டார். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். கிறிப் அறிக்கையைத் தருவது 1990இன் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம். அது, கடன் கொடுத்தவர்கள் அனுப்புவதைத்தான் பதிகிறது. கடனை மறுப்பது எங்களைப் போன்ற வங்கிகள்தான். அதைப் பணியகத்தின் தலையில் போடுவது சரியில்லை. பிழையான பதிவையும் பணியகம் தானாக அழிக்காது. தகவல் அனுப்பிய நிறுவனமே திருத்தி அனுப்பவேண்டும்.

முறைப்பாட்டுக் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். அவர் கையெழுத்து வைக்கவில்லை.

“இதை மாத்தினா அவன்ர பேரில விழும். அவனுக்குப் பிறகு ஒருத்தரும் கடன் குடாயினம். நானே கட்டி முடிக்கிறன்.”

நான் எதிர்பார்த்தது கோபம். இதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. கட்டி முடித்தாலும் பிந்திய மாதங்கள் அவருடைய வரலாற்றிலேயே நிற்கும் என்று விளக்கினேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அன்று பின்னேரம் அண்ணரே வந்தார். விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது. “என்ர கடன் என்ர பேரில கிடக்கட்டும்” என்று சொல்லிக் கடிதத்தைத் தம்பியின் முன்னால் தள்ளிவைத்தார்.

கடிதம், இரண்டு பிறப்புச் சான்றிதழ், மூல அட்டைகள், ஜீ.எஸ். என்கிற கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் எல்லாவற்றோடும் வவுனியாவுக்கு இரண்டு தடவை இருவரும் ஒன்றாகவே பஸ்ஸில் போய்வந்தார்கள். திருத்தம் வந்து சேர்ந்தபோது மார்கழி பிறந்துவிட்டது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து அவர் விதைத்து முடித்திருந்தார். அந்த அடகு வட்டியை நினைக்க எனக்கு இப்போதும் ஆறவில்லை. அன்றைக்கு மேலிடத்தோடு இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம்.

சிறுபோகக் கடனுக்கு வந்தபோது அதே பையைத்தான் கொண்டுவந்தார். உள்ளே அவருடைய அட்டைப் பிரதிகள் மட்டும் தனி உறையில் இருந்தன. மேலே அண்ணரின் கையெழுத்தில் தம்பியின் பெயர்.