பூட்டிய வீட்டின் வெளிச்சம்

பிப்ரவரி 7, சனி

காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய அந்தச் செட்டிநாட்டு ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆளில்லாத வீடு எங்கே இருக்கிறது என்று வெளியே தெரிந்துவிட்டால், நிலைக்கதவின் செதுக்குவேலை எத்தனை நாள் அங்கே தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பங்காளிகளில் மூத்தவர் சென்னையில் இருக்கிறார். மற்ற புள்ளிகளையும், அதாவது வீட்டில் பங்குள்ள குடும்பங்களையும், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நான்கு நாள் எடுத்துக்கொண்டு, பிறகுதான் வீட்டைப் படமெடுக்க அனுமதி தந்தார். சாவிக்கொத்து, பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஓர் அக்காவிடம் இருக்கிறது. அவருடைய தாயார் இந்த வீட்டு அடுப்படியில் வேலை பார்த்தவர்.

ஒரு தெருவில் தொடங்கும் வீடு அடுத்த தெருவில்தான் முடிகிறது. முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லா வாசல்களும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கின்றன. "முன்வாசல்ல நின்னா பின்தெருவுல போற வண்டிமாடு தெரியும் தம்பி" என்றார் அக்கா. அந்த நேர்கோட்டைப் படமாக்க வேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் பின்வாசல் கதவு மழையில் ஊதி, நிலையோடு இறுகிப்போயிருக்கிறது. முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காமல் நடந்து பார்ப்பது என் வழக்கம். இன்றும் அப்படியே திரும்பினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வளவில் ஒரு நாள் முழுவதும் போயிற்று. நண்பகலுக்குச் சற்று முன்பு முற்றத்தில் விழும் வெயிலுக்கும், தாழ்வாரப் பத்தியை ஒட்டிய அறைவாசலின் இருட்டுக்கும் இருக்கும் வித்தியாசம் ஒரே படத்துக்குள் அடங்காது. ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்று நிறுத்தி, 1/250 வினாடியில் தொடங்கி ஒரு வினாடி வரை, இரண்டு ஸ்டாப் இடைவெளியில், அதாவது ஒவ்வொன்றும் முந்தையதைவிட நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும்படி, ஐந்து படங்கள் எடுத்தேன். அவற்றைக் கணினியில் இணைக்கும்போது இருட்டை முழுவதுமாக விரட்டிவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முற்றத்திலிருந்து உள்ளே போகப்போக வெளிச்சம் படிப்படியாகத் தணிய வேண்டும் என்று எண்ணிக் கட்டிய வீட்டில், அறை மூலையும் முற்றமும் ஒரே அளவுக்குத் தெரிகிற படம் பொய்ப்படம்.

கேமராவின் உயரமும் அப்படித்தான். முதலில் முக்காலியை என் கண் உயரத்துக்கு வைத்திருந்தேன். படம் ஏதோ மண்டபத்தைப் போல இருந்தது. இரண்டரை அடிக்கு இறக்கிய பிறகுதான் வீடு வீடாயிற்று. தரையில் உட்கார்ந்து பேசி, உண்டு, கணக்கெழுதி வாழ்ந்தவர்களின் கண் அந்த உயரத்தில்தானே இருந்திருக்கும்?

சுவரைப் பற்றியும் எழுதியாக வேண்டும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்த சுவர் அது. தூசியைத் துணியால் ஒற்றியபோது, எனக்குப் பின்னாலிருந்த தேக்குத் தூணின் நிழலுருவம் உள்ளங்கை அகலத்துக்கு அதில் தெரிந்தது. தரையில் உட்கார்ந்தவர்களின் முதுகு படும் உயரத்தில் மட்டும் லேசான மஞ்சள் பட்டை ஒன்று சுவர் நெடுகப் போகிறது. பளபளப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டியிருந்த போலரைசரைக் கழற்றிவிட்டுத்தான் அந்தச் சுவரை எடுத்தேன்.

பிப்ரவரி 14, சனி

வளவைச் சுற்றி எட்டு அறைகள், எட்டுப் பூட்டுகள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, பெண் கொண்டுவந்த சீர் சாமான் அத்தனையும் அதற்குள். ஒரு பூட்டின்மேல் எண்ணெய்த் துணியைச் சுற்றி, சணலால் மூன்று முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். துணி கறுத்து விறைத்துவிட்டது, முடிச்சு மட்டும் இறுக்கமாகவே இருக்கிறது. துரு ஏறாமல் காத்தவர் திரும்பி வந்து திறக்க நினைத்தவர். எட்டுக் கதவுகளையும் பூட்டோடுதான் எடுத்தேன். எதையும் திறக்கச் சொல்லவில்லை.

கைவிடப்பட்ட வீடு என்ற சொல் இங்கே எனக்குப் பொருந்தவில்லை. இத்தகைய வீடுகளைக் கட்டிய நகரத்தாரில், பர்மாவில் வட்டித் தொழில் செய்தவர்களின் கையில், 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு, ஈடு வைத்த வயல்கள் வந்து சேர்ந்தன. 1937 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்கள் வசம் இருந்தது. 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பலர் போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள். 1948இல் பர்மா விடுதலை பெற்ற பிறகு வந்த நாட்டுடைமைச் சட்டங்களில் நிலமும் போயிற்று. பெரிய வீட்டைக் கட்டிக்காத்த வருமானம் நின்றது, பிள்ளைகள் பிழைப்புக்காகச் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள், வீடு மட்டும் பங்குபங்காகப் பிரிந்துகொண்டே வந்தது. இன்று கூரை ஓடுகளை மாற்றுவதற்கும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மாடிக்குப் போனேன். தவறு என்னுடையது. உத்தரம் சுவரில் ஏறி உட்காரும் ஓரத்தை ஒட்டி நடக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தும், வண்ணக் கண்ணாடி வழியே தரையில் விழுந்த பச்சை வெளிச்சத்துக்காக நடுக்கூடத்தில் கால் வைத்தேன். முக்காலியின் ஒரு கால் தளத்துக்குள் ஒரு சாண் இறங்கியது. மேலே ஓடுகள் சேரும் பள்ளத்தில் வேப்பஞ்சருகு அடைத்து, நீர் உள்ளே திரும்பி, உத்தரத்தை உளுக்கவைத்திருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் ஏறி அந்தச் சருகை அள்ளியிருந்தால் இந்தத் தளம் இன்னும் பல காலம் நின்றிருக்கும். "குடியில்லா வீட்டுல குண்டுப் பெருச்சாளி உலாவும்னு சும்மாவா சொன்னாங்க" என்று அக்கா கடிந்துகொண்டார். புறா எச்சம் மண்டிய அறைகளில் என்95 முகக்கவசம் இல்லாமல் நிற்கக் கூடாது என்பதையும், இத்தகைய இடங்களுக்குப் போகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 21, சனி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் காலையில் நடந்தேன். பழம்பொருள் கடைகளின் வாசலில் தூண்கள் சாத்தியிருந்தன; கஜலட்சுமி அமர்ந்த கதவின் மேல்நிலை ஒன்று தனியாகக் கிடந்தது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அது எந்த வீட்டின் தூணையும் பிடித்து நிறுத்தவில்லை. கடைவாசலில் சாத்தியிருக்கும் தூண் எந்த வளவில் எத்தனையாவதாக நின்றது என்பதைக் கடைக்காரர் அறியமாட்டார். நான் எடுக்கும் படங்களில் அது இருக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு தூணுக்கும் எண்ணிட்டு, முகப்பிலிருந்து வரிசை தவறாமல் எடுத்துவருகிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மூத்த பங்காளியிடம் கேட்டுக்கொண்டு, அக்கா தன் மகனோடு வந்தார். கீலுக்கு வேப்பெண்ணெய் விட்டு, மரக்கொட்டாப்புளியால் கதவின் கீழ்விளிம்பை ஒரு மணி நேரம் மெல்லத் தட்டிய பிறகு, பின்வாசல் ஒரு முனகலோடு விலகியது. அடுத்த கணம் முன்வாசலிலிருந்து காற்று உள்ளே புறப்பட்டு, வளவின் தூசி முழுவதையும் எழுப்பிக்கொண்டு அடுப்படியைக் கடந்து தெருவுக்குப் போனது. தூசி அடங்க நாற்பது நிமிடம் காத்திருந்தேன். முக்காலி இரண்டரை அடியில், நீர்மட்டக் குமிழி நடுவில். வாசலுக்குள் வாசலாகச் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பின்தெருவின் வெயில் தெரிந்தது. அதில் அக்கா நின்றிருந்தார். விலகச் சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமலே ஷட்டரை அழுத்தினேன்.

பிறகு அவர் பின்வாசலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு முகப்புக்கு வந்தார். படம் கழுவியதும் ஒன்று தனக்கும் வேண்டும் என்றார். ஆட்டுக்கல் தெரிகிற மாதிரி.